ஆர்.சி.யில் 1944 வில்லிஸ், பானெட்டுக்குள் ராக்கர் கவர்: இது எந்த இன்ஜின்?

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)

எல்லோருக்கும் வணக்கம். வண்டி விவரம்: ஆர்.சி. புக்கில் 1944 வில்லிஸ், பெட்ரோல். கிரில்லில் 9 துளை, ஸ்டியரிங் இடது பக்கம், டயர் 6.00-16. பானெட்டை நடுவில் வெட்டி, தகடு வைத்து உயர்த்தி வெல்டு அடித்திருக்கிறார்கள். திறந்து பார்த்தால் ஹெட்டின் மேல் நீளமான தகரக் கவர் (ராக்கர் கவர்) இருக்கிறது, கார்புரேட்டர் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இணையத்தில் பார்க்கும் ராணுவ ஜீப் படங்களில் ஹெட் தட்டையாக, ப்ளக் நான்கும் மேலே நிமிர்ந்து நிற்கின்றன. இதில் அப்படி இல்லை.

போன மாதம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் ப்ளாக்குக்கும் நடுவில் வரும் அடைப்பு) மாற்றினார்கள். டேப்பட் (வால்வு இடைவெளி) எட்டையும் 14 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வைத்தார்கள், போர்க்கால மேனுவலில் அதுதான் என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு ஐடிலிங் ஓரளவு நிற்கிறது. ஆனால் புதுச்சேரி ரோட்டில் 50 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கார்புரேட்டரில் 'டப் டப்' என்று திருப்பி அடிக்கிறது, இழுவை இல்லை. தவளக்குப்பம் போவதற்குள் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. ரேடியேட்டருக்கு வீட்டு போர்வெல் தண்ணீர்தான் ஊற்றுகிறோம்.

மூன்று கேள்விகள். இது எந்த இன்ஜின், எப்படி இந்த வண்டிக்குள் வந்திருக்கும்? டேப்பட் சரியான அளவு என்ன? விண்டேஜ் பதிவு கிடைக்குமா? இன்னொன்று, எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு பீஜோ டீசல் இன்ஜின் வைத்துவிடச் சொல்கிறார்கள். அதிலும் உங்கள் யோசனை தேவை.

ப்ளாட்ஃபெண்டர்_புதுவை

கார்புரேட்டர் ஹெட்டின் மேல், ராக்கர் கவர், உயர்த்திய பானெட். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஹரிக்கேன் எஃப்-134. 1944-ல் இந்த இன்ஜினே கிடையாது. உங்கள் வண்டியில் பிறந்தது கோ-டெவில் எல்-134. இரண்டும் அண்ணன் தம்பி என்பதால்தான் மாற்றி உட்கார வைக்க முடிந்திருக்கிறது.

வரலாற்றைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் டேப்பட் பிரச்சினைக்கும் விடை அதில்தான் இருக்கிறது. 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு அழைப்பு அனுப்பியது. 49 நாளில் மாதிரி வண்டி வேண்டும் என்பது நிபந்தனை. அதை ஒப்புக்கொண்டு செப்டம்பர் 23-ல் ஹோலாபேர்டு முகாமில் வண்டியை நிறுத்தியது பான்டம் என்ற சின்ன கம்பெனி. வடிவமைத்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். ஜீப்பின் உருவத்தைக் கொடுத்ததில் பெரும் பங்கு அவர்களுக்குத்தான், அந்தப் பெருமை பல இடங்களில் அவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் அதில் இருந்த கான்டினென்டல் இன்ஜின் 45 குதிரைத்திறன்தான். ஃபோர்டு கொண்டுவந்த வண்டியில் டிராக்டர் இன்ஜினைத் தழுவிய ஒன்று, அதுவும் ஏறக்குறைய அதே சக்தி. வில்லிஸ் நவம்பரில்தான் வந்தது, எடையும் அதிகம், ஆனால் இன்ஜின் 60 குதிரைத்திறன். ஓட்டிப் பார்த்த ராணுவத்தினருக்கு அந்த இழுவை பிடித்துப்போனது. ராணுவம் வைத்திருந்த எடை வரம்பும் பிறகு 2,160 பவுண்டுக்குத் தளர்ந்தது. வில்லிஸ் போல்ட் நீளம், பெயின்ட் வரைக்கும் குறைத்து அதற்குள் வந்து சேர்ந்தது.

அந்த 60 ஒரே நாளில் வந்ததில்லை. 1920-களின் விப்பெட் காரில் வேர் உள்ள பழைய நான்கு சிலிண்டர் இன்ஜின் அது, 48 குதிரைத்திறன்தான் கொடுத்துக்கொண்டிருந்தது. 1938-ல் வில்லிஸுக்குத் தலைமைப் பொறியாளராக வந்த டெல்மர் 'பார்னி' ரூஸ் புது இன்ஜின் செய்யப் பணமில்லாததால் அதையே எடுத்துத் திருத்தினார். பிஸ்டன், பேரிங், வால்வு, கார்புரேட்டர் என்று ஒவ்வொன்றாக மாற்றி, அளவுகளை இறுக்கி 4000 ஆர்.பி.எம்.மில் 60 குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்தார். சிலிண்டர் போர் (உள்விட்டம்) 3.125 அங்குலம், ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 4.375 அங்குலம், 2199 சி.சி., கம்ப்ரஷன் விகிதம் 6.48. டார்க் (திருகு விசை) 105 பவுண்டு-அடி, அதுவும் 2000 ஆர்.பி.எம்.மிலேயே. நீண்ட ஸ்ட்ரோக்கின் பலன் அது.

பிறகு ஃபோர்டும் வில்லிஸ் வரைபடத்தை வாங்கி ஜி.பி.டபிள்யூ. என்ற பெயரில் கட்டியது. இரண்டு கம்பெனியும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் தயாரித்தன. உங்கள் வண்டி நிஜமாகவே வில்லிஸ்தானா என்று பார்க்க முன்னால் ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தைப் பாருங்கள். உருண்டைக் குழாய் என்றால் வில்லிஸ். கவிழ்த்த 'ப' மாதிரி சதுரச் சட்டம் என்றால் ஃபோர்டு. ஃபோர்டில் போல்ட் தலைகளில்கூட அவர்களின் முத்திரை எழுத்து அடித்திருக்கும்.

இப்போது உங்கள் இன்ஜின். எல்-134-ல் இன்லெட் (கலவை உள்ளே வருவது), எக்ஸாஸ்ட் (புகை வெளியே போவது) இரண்டு வால்வும் ப்ளாக்கிலேயே பக்கத்துப் பக்கத்தில். இடம் குறைவு என்பதால் இன்லெட் வால்வைப் பெரிதாக்க வழியில்லை, காற்றும் வளைந்து நெளிந்துதான் உள்ளே போக வேண்டும். 1950-ல் ரூஸ் அதே ப்ளாக்கின் அடிப்பகுதியை வைத்துக்கொண்டு இன்லெட்டை மட்டும் ஹெட்டுக்குத் தூக்கினார், எக்ஸாஸ்ட் கீழேயே இருந்துவிட்டது. பெரிய இன்லெட் வால்வு, நேர் வழி. சிலிண்டர் போர், ஸ்ட்ரோக் மாறாமலே 72 குதிரைத்திறன், 114 பவுண்டு-அடி. ஆனால் உயரம் கூடிவிட்டது. அதனால்தான் 1953-ல் வந்த சி.ஜே.3பி-க்கு (பொதுமக்களுக்கான ஜீப் மாடல்) அந்த உயர்ந்த பானெட். 1952-ன் எம்38ஏ1 ராணுவ ஜீப்பிலும் இதே இன்ஜின்தான்.

நம் ஊரில் இந்த இன்ஜின் எப்படிப் பரவியது என்றால் மஹிந்திரா வழியாக. லைசென்ஸ் வாங்கி இங்கே பல்லாண்டு காலம் கட்டியது சி.ஜே.3பி-யைத்தான். ராணுவம், போலீஸ், வனத்துறை, பி.டி.ஓ. ஆபீஸ் எல்லாவற்றிலும் அதுதான் ஓடியது. எனவே உங்கள் கோ-டெவில் எப்போதோ தேய்ந்துபோய், சென்னைப் புதுப்பேட்டை பழைய பாகச் சந்தையிலோ ஏலத்திலோ கிடைத்த 3பி இன்ஜினை யாரோ வைத்திருக்க வேண்டும். பெல் ஹவுசிங் பொருந்தும், மவுண்டும் பெரிய மாற்றம் இல்லாமல் பொருந்தும். பொருந்தாதது பானெட் மட்டும்தான். அதைத்தான் வெட்டியிருக்கிறார்கள்.

புதுச்சேரிக்காரர்களுக்காக ஒரு தகவல்: பிரெஞ்சு ராணுவம் 1960-களிலும் எல்-134 இன்ஜினையே வைத்திருந்தது. ஹோட்ச்கிஸ் கம்பெனி லைசென்ஸில் கட்டிய எம்201 ஜீப் பார்வைக்கு அப்படியே உங்கள் வண்டி மாதிரி இருக்கும், மின்சாரம் மட்டும் 24 வோல்ட். நம்மூரில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்த பெரியவர்கள் யாராவது 'ஜீப் எப்படி இருக்கும் தெரியுமா' என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

செம்மண்டலம்_ஸ்பேனர்

புதுவை அண்ணன் சொன்னதில் இருந்து தொடர்கிறேன். 14 தௌ என்பது எல்-134 போர்க்கால இன்ஜினுக்கு, இரண்டு வால்வுக்கும். எஃப்-134-க்கு அது பொருந்தாது. இன்லெட் 18 தௌ (0.46 மி.மீ.), எக்ஸாஸ்ட் 16 தௌ (0.41 மி.மீ.), இரண்டும் இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு. இன்லெட்டில் 4 தௌ குறைவாக இருந்தால் சூடேறியதும் வால்வு முழுசாக உட்கார இடம் பற்றாது. எக்ஸாஸ்ட் குறைந்தால் இன்னும் மோசம், சீட்டில் (வால்வு உட்காரும் இடத்தில்) ஒட்டி உட்கார்ந்து சூட்டை ப்ளாக்குக்குக் கடத்த நேரம் கிடைக்காமல் விளிம்பு எரிந்துவிடும். எனவே சரிசெய்யும் வரை வண்டியை நீண்ட தூரம் ஓட்டாதீர்கள்.

வைக்கும் முறை: 1-ஆம் சிலிண்டர் கம்ப்ரஷனில் மேலே வந்ததும் அதன் இரண்டு வால்வையும் வையுங்கள். கிராங்கை அரைச் சுற்று திருப்பினால் 3, அடுத்த அரைச் சுற்றில் 4, அதற்கடுத்து 2. ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. இன்லெட் மேலே ராக்கரில், சுலபம். எக்ஸாஸ்ட் ப்ளாக்கின் இடது பக்கம் மேனிஃபோல்டுக்குக் கீழே உள்ள தகட்டுக் கவரைக் கழற்றித்தான் வைக்க வேண்டும். மெல்லிய ஸ்பேனர் இரண்டு இல்லாமல் அங்கே கை போகாது. பலர் மேலே உள்ள நான்கை மட்டும் வைத்துவிட்டுக் கவரை மூடிவிடுவார்கள். எட்டையும் வைத்தார்கள் என்றால் கவர் கேஸ்கெட் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்பேனர் எல்லாம் அங்குல அளவில் எடுங்கள், மில்லிமீட்டர் ஸ்பேனர் போட்டால் தலை மழுங்கும்.

இனி முக்கியமானது. கார்புரேட்டர் அடிப்பதும் சூடாவதும் கேஸ்கெட் வேலைக்குப் பிறகுதான் தொடங்கியது என்கிறீர்கள். எஃப்-134 ஹெட்டில் ஒரு போல்ட் வெளியே தெரியாது. கார்புரேட்டரைக் கழற்றி, அது உட்காரும் வாய்க்குள் டார்ச் அடித்தால் கீழே அதன் தலை தெரியும். எல்-134 மட்டும் பார்த்துப் பழகியவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. ஹெட்டைக் கழற்றும்போது விட்டுவிட்டு நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. பூட்டும்போது கையால் திருகிவிட்டு அப்படியே கார்புரேட்டரை மாட்டியவர்கள் அதைவிட அதிகம். எல்லா ஹெட் போல்ட்டும் நடுவில் இருந்து வெளியே போகும் வரிசையில், இரண்டு மூன்று சுற்றில், 60 முதல் 70 பவுண்டு-அடி (8.3 – 9.7 கிலோகிராம்-மீட்டர்). ஒருமுறை நன்றாகச் சூடேற்றி, ஆறவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது முறையும் கார்புரேட்டரைக் கழற்றியே ஆக வேண்டும்.

எதையும் கழற்றுவதற்கு முன் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்கள். நான்கு ப்ளக்கையும் கழற்றி, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, நல்ல பேட்டரியில் செல்ஃப் அடிக்க வேண்டும். 120 – 130 பி.எஸ்.ஐ. வர வேண்டும், ஒன்றுக்கொன்று 10-க்கு மேல் வித்தியாசம் கூடாது. எண்களை இங்கே போடுங்கள்.

காலாப்பட்டு_ஃபோர்வீல்

பதிவு விஷயம். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விண்டேஜ் விதிப்படி 50 வருடம் தாண்டிய வண்டி, சேஸிஸ், பாடி, இன்ஜின் பெரிய மாற்றம் இல்லாமல் முதல் வடிவத்தில் இருக்க வேண்டும். பதிவெண்ணில் மாநில எழுத்துக்குப் பின் 'வி.ஏ.' வரும். புதுப் பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். அன்றாட ஓட்டத்துக்கும் வாடகைக்கும் பயன்படுத்தக்கூடாது. கண்காட்சி, ராலி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது மாதிரி காரியங்களுக்குத்தான்.

உங்கள் வண்டியில் பானெட்டும் வெட்டியிருக்கிறது, இன்ஜினும் வேறு. இந்த நிலையில் விண்ணப்பம் கொடுப்பதில் அர்த்தமில்லை. முதலில் ப்ளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் சேரும் இடத்துக்கு மேலே உள்ள மேடையில் அடித்த எண்ணைத் துடைத்துப் பாருங்கள். அது ஆர்.சி.யில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போகிறதா? போகவில்லை என்றால் விண்டேஜுக்கு முன்னாலேயே அதைத் தீர்க்க வேண்டும். இன்ஜின் மாற்றம் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவில் பதிவாகியிருக்க வேண்டும். புதுச்சேரிக்குக் கொண்டுவந்து பி.ஒய். எண்ணில் மாற்றிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தடையில்லாச் சான்று எழுதும்போதே எண் சரிபார்ப்பார்கள்.

டீசல் யோசனைக்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். பீஜோ எக்ஸ்.டி.பி. 4.90 நல்ல இன்ஜின், 2112 சி.சி., மஹிந்திரா எம்.எம்.540 ஜீப்பில் கழுதை மாதிரி உழைத்தது. ஆனால் அந்த வண்டியின் கியர்பாக்ஸும் மவுண்டும் அதற்கென்றே செய்தவை. உங்களுடையது டி-84 மூன்று கியர் பெட்டி, கோ-டெவிலுக்கே அளவாகச் செய்தது. டீசலின் அடியும் எடையும் அதற்கு ஆகாது. முன் ஸ்பிரிங்கும் உட்கார்ந்துவிடும். அதற்குப் பிறகு இந்த வண்டியை யாராலும் பழைய நிலைக்குத் திருப்ப முடியாது.

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)

மூவருக்கும் நன்றி. குறுக்குச் சட்டம் உருண்டைக் குழாய்தான், அதனால் வில்லிஸ். இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறது, பழைய பக்கத்தில் மாற்றத்துக்கான முத்திரையும் இருக்கிறது.

கம்ப்ரஷன்: 1-ல் 125, 2-ல் 80, 3-ல் 75, 4-ல் 120. ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடுத்ததில் 2, 3 இரண்டும் ஏறவில்லை. கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்ததில் அந்த உள் போல்ட் இருக்கிறது. ஆனால் சாக்கெட் போட்டதும் கையாலேயே கால் சுற்று திரும்பியது.

செம்மண்டலம்_ஸ்பேனர்

அதுதான். ஆயில் விட்டும் ஏறவில்லை என்றால் பிஸ்டன் ரிங் காரணமில்லை. பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் ஒன்றாக இறங்கினால் நடுவில் கேஸ்கெட் ஊதியிருக்கிறது. அந்த போல்ட் ஹெட்டின் நடுப்பகுதியைப் பிடிப்பது.

கார்புரேட்டர் ஏன் அடிக்கிறது என்பதும் இதிலேயே விளங்கும். 1-3-4-2 வரிசையில் 2-ஆம் சிலிண்டர் எரியும்போது 3 இன்லெட்டில் இருக்கிறது. 3 எரியும்போது 2 இன்லெட்டில். நெருப்பு கேஸ்கெட் ஓட்டை வழியாகப் பக்கத்தில் புதிதாக வந்த பெட்ரோல் கலவையைப் பற்றவைக்கிறது, வால்வு திறந்திருப்பதால் நேராக கார்புரேட்டருக்கு வருகிறது. ஐடிலில் அழுத்தம் குறைவு, அதனால் தெரியாது. லோடு கொடுத்ததும் 'டப்'. ஓட்டை வழியாகப் பாயும் நெருப்பு அந்த இடத்தையே சுடுவதால் டெம்பரேச்சரும் ஏறுகிறது.

இப்போது போல்ட்டை மட்டும் இறுக்கி ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஊதிய கேஸ்கெட் திரும்ப அடைக்காது. ஹெட்டை எடுங்கள், புது கேஸ்கெட் வாங்குங்கள். 2-க்கும் 3-க்கும் நடுவில் ப்ளாக்கிலும் ஹெட்டிலும் நெருப்பு அரித்த பள்ளம் இருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்து ஃபீலர் கேஜால் பாருங்கள். ஹெட்டில் பள்ளம் என்றால் லேத்தில் தளம் எடுக்கலாம். போல்ட் துளைகளில் ஆயிலும் தண்ணீரும் தேங்கியிருந்தால் டார்க் ரென்ச் பொய் சொல்லும், துடைத்துவிட்டுப் போடுங்கள். ஹெட் திறந்திருக்கும்போதே 2, 3 எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பைப் பார்த்துவிடுங்கள். சீட் தனி இன்செர்ட் என்பதால் ஈயமில்லாத பெட்ரோலால் பெரிய தொல்லை இல்லை, எரிந்த வால்வைத்தான் மாற்ற வேண்டியிருக்கும்.

இக்னிஷன் டைமிங் 5 டிகிரி முன்னால், டிஸ்ட்ரிபியூட்டரில் உள்ள சி.பி. பாயின்ட் இடைவெளி 20 தௌ, ப்ளக் இடைவெளி 30 தௌ. ஒரு எச்சரிக்கை: ஆயில் பம்ப்பை மட்டும் கழற்றாதீர்கள். இந்த இன்ஜினில் டிஸ்ட்ரிபியூட்டர் தண்டு ஆயில் பம்ப் தண்டின் காடியில்தான் உட்காரும். பம்ப்பை வெளியே எடுத்து ஒரு பல் தள்ளி மாட்டினால் டைமிங் முழுக்கப் போய்விடும். பம்ப் மாற்ற வேண்டி வந்தாலும் ஆரம்ப கால எல்-134 பம்ப்பை வாங்காதீர்கள். அதில் டைமிங் செயின், கேம் ஷாஃப்ட் சுற்றும் திசையே எதிர். பின்னால் வந்தவை பல்சக்கரம், அதனால் பம்ப் கியரின் சாய்வும் மாறும். ஆயில் பிரஷர் சூடான ஐடிலில் 6 பி.எஸ்.ஐ.க்குக் கீழே, 55 கி.மீ. வேகத்தில் 20-க்குக் கீழே இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

ப்ளாட்ஃபெண்டர்_புதுவை

போர்வெல் தண்ணீரை நிறுத்துங்கள். ஓ.டி. பக்கம் நிலத்தடி நீரில் உப்பு உண்டு, ப்ளாக்குக்குள் சுண்ணாம்பாகப் படியும், இரும்பையும் தின்னும். ஹெட் திறந்திருக்கும்போது ப்ளாக் பக்கவாட்டில் உள்ள ட்ரெயின் காக்கைக் கழற்றிக் கம்பி விட்டுக் குத்துங்கள். சேறு அடைத்து ஒரு சொட்டு வராமல் இருப்பது இந்த இன்ஜின்களில் சாதாரணம்.    பூட்டும்போது டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சமபாதி.

பெட்ரோல் பம்ப் டயாஃப்ரமும் ஹோஸும் பழசு என்றால் எத்தனால் தாங்கும் ரப்பருக்கு மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, பழைய ரப்பர் ஊறிப்போகும். பைப்பை எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி விடாதீர்கள், மே மாத வெயிலில் ஆவி அடைத்து நடுரோட்டில் நிற்கும்.

இன்ஜின் மாற்றம் பதிவாகியிருப்பது நல்லது. இந்த எஃப்-134-ஐ இப்படியே வைத்து ஓட்டுங்கள். இதற்கிடையில் எல்-134 ஒன்று தேடுங்கள், கிடைத்தால் ஃப்ளைவீலில் பல்லை எண்ணிப் பாருங்கள். போர்க்கால ஃப்ளைவீலுக்கு 97 பல், பிற்கால சி.ஜே. வண்டிக்கு 129. ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதற்குத் தகுந்ததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பல் அரைத்துவிடும். பழைய தட்டை பானெட்டும் சேர்த்துத் தேடி வையுங்கள். விண்ணப்பம் போடுவதை அந்த இரண்டும் கைக்கு வந்த பிறகு பார்க்கலாம்.

கெடிலக்கரை (கடலூர் ஓ.டி.)

சரி அண்ணே, இந்த வாரமே ஹெட்டை இறக்குகிறோம். கேஸ்கெட் கேட்கும்போது கடையில் என்ன சொல்லி வாங்க வேண்டும்? 'ஜீப் பெட்ரோல்' என்றால் வேறு ஏதாவது கொடுத்துவிடுவார்களோ?

செம்மண்டலம்_ஸ்பேனர்

கொடுத்துவிடுவார்கள். 'மஹிந்திரா 3பி, ஹரிக்கேன் பெட்ரோல், ராக்கர் உள்ளது' என்று சொல்லுங்கள். பழைய கேஸ்கெட்டையும் கையில் கொண்டுபோய் மேலே வைத்து, போல்ட் துளையும் தண்ணீர் துளையும் ஒன்றுக்கொன்று சரியாக வருகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். கூடவே டேப்பட் சைடு கவர் கேஸ்கெட், ராக்கர் கவர் கேஸ்கெட், கார்புரேட்டர் அடி கேஸ்கெட், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கேஸ்கெட் நான்கையும் வாங்கிவிடுங்கள். கார்புரேட்டர் அடி கேஸ்கெட் மட்டும் இரண்டாக வாங்குங்கள், சூடேற்றி மறுபடி டார்க் பார்க்கும்போது ஒன்று கிழியும்.